இரண்டுக்கு ஐந்து

அச்சன்புதூரில் நான் வளர்ந்த காலத்தில் டென்னிஸ் ஆடுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கி வருகிற அனுமன் நதி, நதியை நம்பின வயல்கள், வயல்களைச் சுற்றித் தென்னை. ஊர் என்றால் இவ்வளவுதான். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரு காற்றுப் புறப்பட்டு வரும். குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் அதைத் தென்றல் என்று சொல்லிப் பரவசப்படுவார்கள். காயப்போட்ட வேட்டியைத் தேடிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுகிற எங்களுக்குத்தான் அது என்ன காற்று என்று தெரியும். அந்தக் காற்றில் பூப்பந்து ஆடுவதே பெரும் பாடு. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, நாம் அடித்த திசைக்குப் போகாது. தனக்கு இஷ்டமான திசைக்குப் போகும். டென்னிஸ் என்பது பாளையங்கோட்டையில் பெரிய உத்தியோகஸ்தர்கள் சாயங்கால வேளையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிற விளையாட்டு என்பதுதான் ஊராரின் எண்ணம்.

அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில், முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு டென்னிஸ் வழக்கு நடந்து வந்தது என்றால் வாசகர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். வழக்காடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் பெரியப்பா. ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர் சித்தப்பா, நெல் கமிஷன் கடை வைத்திருந்தவர். டெலிவிஷன் வருகிற வரையில் இரண்டு பேரும் டென்னிஸ் ஆட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் காணாத விஷயத்தைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு உக்கிரமாகச் சண்டை போட முடியும் என்பதற்குச் சமய சரித்திரம் ஒன்றே போதும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையும் போதும்.

வழக்குக்கு ஒரு தஸ்தாவேஜு உண்டு. 1966-ம் வருஷத்துக் கடைசியில் வந்த ஒரு பத்திரிகைத் துண்டு. பெரியப்பா அதைக் கத்தரித்து, மடித்து, தம் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரம் பண்ணியிருந்தார். வாதம் முற்றும்போது அதை எடுத்து வருவார். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுலோகம் சொல்கிற மாதிரி ஒரே ஒரு வரியை வாசிப்பார். அந்த வரியில் எழுத்து கிடையாது. வெறும் எண்கள்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2.

கல்கத்தாவில், சௌத் கிளப் புல்தரையில், பிரேஸில் தேசத்துத் தாமஸ் காக் என்பவரை ராமநாதன் கிருஷ்ணன் ஜெயித்த ஆட்டத்தின் கணக்கு அது.

கிருஷ்ணன் எங்களுக்கு எந்த விதத்திலும் உறவு இல்லை. ஆனால் பெரியப்பா அவரை "நம்ம பக்கத்து ஆள்" என்றே குறிப்பிடுவார். 1937 ஏப்ரல் 11-ல் நாகர்கோவிலில் பிறந்தவர் கிருஷ்ணன். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டையும் அதே சமஸ்தானம். 1956 நவம்பரில் இரண்டும் ஒரே நாளில் சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்தன. இந்த உறவு போதாதா என்பார் பெரியப்பா. போதாது என்றால் அந்த மலையைப் பார் என்பார். இதே மலைதானே அங்கேயும் போகிறது?

கிருஷ்ணனுக்கு குரு அவருடைய தந்தை டி. கே. ராமநாதன். அவரும் ஆட்டக்காரர். பையன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த பெர்ட்ராம் போட்டியில் கலந்துகொள்ள லயோலா கல்லூரி முதல்வரிடம் விசேஷ அனுமதி பெற்று ஆடினான். 1951-ல் அதை ஜெயித்தும் விட்டான். 1953-ல் விம்பிள்டன் சிறுவர் பிரிவின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றான். அடுத்த வருஷமே மறுபடி போய், ஆஷ்லி கூப்பர் என்ற ஆஸ்திரேலியப் பையனைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தான். ஆசியாக் கண்டத்திலிருந்து அந்தக் கோப்பையை முதலில் தொட்டவன் அவன்தான். (இனிமேல் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும்.) 1959-ல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியில் நீல் ஃபிரேஸரை 6-3, 6-0 என்று வென்றார். அதே வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய லாங்வுட்டில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ராட் லேவரை வென்றார். லேவர் அந்த வருஷம்தான் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போயிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் கதைக்குள் வருகிறார். வழக்கின் மூலகாரணமும் அவர்தான்.

கிரேமர் 1947-ல் விம்பிள்டன் ஜெயித்தவர். ஜெயித்த கையோடு தொழில் ஆட்டக்காரராகிவிட்டார். பிற்பாடு தாமே முதலாளியாகி மற்ற ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அந்த நாளில் டென்னிஸ் உலகம் இரண்டு ஜாதியாகப் பிரிந்து கிடந்தது. காசு வாங்காமல் ஆடுகிறவர்கள் 'அமெச்சூர்'. விம்பிள்டன், டேவிஸ் கோப்பை எல்லாம் அவர்களுக்குத்தான். காசு வாங்கியவனுக்கு அந்த வாசல்கள் அடைபட்டுவிடும். காசு வாங்காதவர்களும் வழிச்செலவு என்ற பெயரில் மேஜைக்குக் கீழே கை நீட்டினார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் மேஜைக்கு மேலே நீட்டினவன்தான் ஜாதிப் பிரஷ்டன்.

ஜாதிப் பிரஷ்டர்களின் பிழைப்பு எப்படி இருந்தது என்று சற்றுப் பார்க்கலாம். கித்தானில் செய்த ஓர் ஆடுகளம். அதைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். இன்றைக்கு ஓர் ஊரில் உடற்பயிற்சிக் கூடம், நாளைக்கு வேறோர் ஊரில் பனிச்சறுக்கு மண்டபம். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கித்தானை விரித்து ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு, இரவோடு இரவாக அடுத்த ஊர். நம் ஊர் நாடகக் கம்பெனிகள் ஸீன்களைச் சுருட்டிக்கொண்டு போன மாதிரிதான். நாடகக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே ராஜபார்ட்டுக்காரன் தினம் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே தெரியும்.

1949-ல் பாஞ்சோ கொன்ஸாலஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபனைக் கிரேமர் எதிரில் நிறுத்தினார்கள். இரண்டு தடவை அமெரிக்கச் சாம்பியன் ஆனவன். அந்தப் பயணத்தில் இரண்டு பேரும் நூற்றுக்கு மேற்பட்ட தடவை மோதினார்கள். கிரேமருக்கு 96 வெற்றி. கொன்ஸாலஸுக்கு 27. அதாவது தொண்ணூற்றாறு இரவுகள் ஒரே மனிதனிடம் தோற்றுவிட்டு, அதே மனிதனோடு மறுநாள் ஆடுவதற்காகப் பயணம் கிளம்பியிருக்கிறான். தோற்றவனைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? அடுத்த சில வருஷங்கள் பிரதான சுற்றுப்பயணத்தில் அவனுக்கு இடம் இல்லை. பிற்பாடு திரும்பி வந்தான். 1958-ல் லூ ஹோட் என்ற ஆஸ்திரேலியர் அவனுக்கு எதிராக 18-9 என்று முன்னால் போய்விட்டார். கொன்ஸாலஸ் அந்தப் பயணத்தை 51-36 என்று தன் பக்கம் முடித்தான். ராட் லேவர்கூட, 1962-ல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒருசேர வாங்கிவிட்டுத் தொழிலில் சேர்ந்தவர், அடுத்த வருஷ ஆரம்பத்தில் ஹோட்டிடமும் ரோஸ்வாலிடமும் ஆடின முதல் 21 ஆட்டங்களில் 19-ல் தோற்றார்.

தொழில் ஆட்டக்காரனின் மனம் என்று நாம் சொல்வது இந்தக் கித்தான் மேல்தான் உருவானது என்று எனக்குத் தோன்றுகிறது. விம்பிள்டனில் தோற்ற அமெச்சூர் ஒரு வருஷம் துக்கம் கொண்டாடலாம். பத்து மணிக்குத் தோற்று, நாளை மாலை ஏழு மணிக்கு மறுபடி நிற்க வேண்டியவனுக்குத் துக்கம் கொண்டாட இருபத்தொரு மணி நேரம்தான் உண்டு; அதிலும் பாதி கார்ப் பயணத்தில் போய்விடும். எதிரியை வெறுக்கவும் நேரம் இல்லை. எழுத்துத் தொழிலில் வாராவாரம் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒருவாறு புரியும். போன அத்தியாயம் மோசமாகப் போயிற்றே என்று உட்கார்ந்து வருந்தினால் அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் வந்து நிற்பான். சரி, என் தொழிலை விடுங்கள்.

இந்தக் கிரேமர்தான் கிருஷ்ணனை அழைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் உத்தரவாதம். அந்த நாளில் அது மகத்தான தொகை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

சித்தப்பாவின் கட்சி இந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்து இந்த ஒரு வாக்கியத்தில் முடியும். "மறுத்துட்டாராம்!" என்று திண்ணைத் தூணைப் பார்த்துச் சொல்வார். அப்புறம் கணக்கு. அப்போது டாலருக்கு நாலு ரூபாய் எழுபத்தாறு பைசா. ஒன்றரை லட்சம் டாலர் என்றால் ஏழு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய். "அண்ணாச்சி, ஏழு லட்சத்துக்கு நம்ம தாலுகாவுல எத்தனை வயக்காடு வாங்கலாம்னு தெரியுமா உங்களுக்கு?" 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலர் ஏழரை ரூபாய் என்று ஆக்கினார்கள். சித்தப்பாவின் கணக்கு ஒரே நாளில் பதினோரு லட்சத்து இருபத்தையாயிரமாகிவிட்டது. அதற்கப்புறம் டாலர் ஏற ஏறச் சித்தப்பாவின் கோபமும் ஏறிக்கொண்டே போயிற்று.

"எல்லாம் கணக்குப் பாக்குற விஷயமாலே?" என்பார் பெரியப்பா. அவருக்குக் கணக்கே பிடிக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கிருஷ்ணன் மனத்தில் இருந்தது அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் கிரேமரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன போயிருக்கும் என்பது நமக்குத் தெரியும். கென் ரோஸ்வாலைப் பாருங்கள். 1956 முடிவில் தொழிலுக்குப் போனார். பதினோரு வருஷம் விம்பிள்டன் வாசலை மிதிக்க முடியவில்லை. அவருடைய ஆட்டம் உச்சத்தில் இருந்த பதினோரு வருஷம்! கதவு திறந்தபின் 1970-லும், முப்பத்தொன்பதாவது வயதில் 1974-லும் இறுதி ஆட்டம் வரை வந்தார். கடைசிவரை விம்பிள்டன் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கிருஷ்ணன் வெளியே போகாததால் 1960-ல் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார், ஃபிரேஸரிடம் தோற்றார். 1961-ல் காலிறுதியில் ராய் எமர்ஸனை 6-1, 6-4, 6-4 என்று மூன்றே ஸெட்டில் அனுப்பிவைத்தார். எமர்ஸன் சாமானிய ஆசாமி அல்ல. மொத்தம் பன்னிரண்டு பெரிய ஒற்றையர் பட்டங்கள் வாங்கியவர். அந்த வருஷமும் அரை இறுதியில் லேவரிடம் தோல்வி. 1962-ல் போட்டிக்கு முன்பே அவரை நான்காவது இடத்தில் வைத்தார்கள். இதுதான் வருஷம் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது கணுக்கால் பிசகி, ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேற நேர்ந்தது. விம்பிள்டன் விஷயத்தில் அதற்குமேல் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முரட்டு வேகத்தை நம்பாமல், பந்தை எங்கே வைப்பது என்ற சாதுரியத்தை நம்பிய ஆட்டம் அவருடையது. மட்டையைத் தடியாக நினைக்காமல் தூரிகையாக நினைத்தவர். அதனால் அவருக்குப் போட்டி மனப்பான்மை போதாது, மென்மையானவர் என்று அந்தக் காலத்திலேயே பேசினவர்கள் உண்டு. சித்தப்பாவும் அந்தக் கட்சிதான். "காசு வேண்டாம்னவனுக்கு ஜெயிக்கணும்னு வெறி எங்கிருந்து வரும்?" என்பார்.

அதற்குப் பதிலாகத்தான் பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் திறப்பார்.

அந்த ஐந்து ஜோடி எண்களை அவர் ஜாதகம் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். எனக்கு முதன்முதலில் அதை விளக்கியபோது எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடப் பூப்பந்துக் கோஷ்டியில் நான் பின்வரிசை ஆட்டக்காரன். பக்கத்து ஊர்ப் பையன்களோடு ஒரு போட்டி. நல்ல முன்னணியில் இருந்தோம். கோட்டுக்கு உள்ளே விழுந்த என் பந்தை நடுவர் வெளியே என்று சொல்லிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த பந்து வந்தது. நான் நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த பந்தும் வந்தது. நடுவரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, நடுவரின் அநியாயத்தை எல்லோரிடமும் சொன்னேன்.

"எத்தனை பந்துல ஏமாத்துனான்?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஒண்ணு."

"மிச்சப் பந்துல எல்லாம் யாருலே ஏமாத்துனது?"

அப்புறம் அவரே எழுந்துபோய்த் துண்டைக் கொண்டுவந்தார்.

இந்தியாவும் பிரேஸிலும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்துச் சமமாக நிற்கின்றன. கடைசி ஆட்டம் இது. இதில் வென்றால், டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இந்தியா முதல் தடவையாகப் போகலாம். முதல் ஸெட் போயிற்று. இரண்டாவது வந்தது. மூன்றாவது 10-12. இன்றைக்கு டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு இந்த எண் விநோதமாக இருக்கும். 'டை பிரேக்' என்ற ஏற்பாடு அமெரிக்கப் போட்டியில் வந்ததே 1970-ல்தான். அதற்கு முன் ஒருவர் இரண்டு ஆட்டம் முந்துகிற வரையில் ஸெட் முடியாது. அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். இருபத்திரண்டு ஆட்டம் மல்லாடி அந்த ஸெட்டைக் கிருஷ்ணன் இழந்தார். "இதுல ஆளு செத்திருப்பான்" என்றார் பெரியப்பா, 10-12 என்பதன் மேல் விரலை வைத்து. "இந்த ஸெட்டு மனசுல இருந்துச்சுன்னா அடுத்த ஸெட்டு ஆட முடியாது. அவனுக்கும் இருந்திருக்கும். அதான் அடுத்ததுல ரெண்டுக்கு அஞ்சு."

நாலாவது ஸெட்டில் கிருஷ்ணன் 2, காக் 5. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் எடுத்தால் காக் ஜெயித்துவிடலாம். பிரேஸில் மெல்போர்னுக்குக் கப்பலோ விமானமோ ஏறலாம்.

"இப்ப 7-5-ஐப் பாரு. ரெண்டுலேருந்து ஏழு. எத்தனை?"

"அஞ்சு."

"அஞ்சு ஆட்டம். வரிசையா. நடுவுல ஒண்ணுகூட அவனுக்கு விடலை. ஒரு ஆட்டத்துக்குக் குறைஞ்சது நாலு புள்ளி எடுக்கணும். அப்ப மொத்தம்?"

"இருபது."

"இருபது தடவை அந்த மனுஷன், 'இப்பதான் ஆட்டம் ஆரம்பிக்கு' அப்படின்னு நெனைச்சிருக்கணும். பத்தொன்பதாவது தடவை மறந்தாலும் போச்சு. வெளங்குதா?"

எனக்கு அன்று பாதிதான் விளங்கியது. பெரியப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை; டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததில்லை. இருந்தும் அந்த வறண்ட எண்களிலிருந்து ஒரு மனிதனின் மனம் எந்த நிமிஷத்தில் விழுந்தது, எந்த நிமிஷத்தில் எழுந்தது என்று கண்டுபிடித்திருந்தார். கதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியது நான்; கதாசிரியர் அவர்.

மீதிப் பாதி எனக்கு விளங்க 2024 ஆக வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் ஃபெடரர் ஒரு கணக்குச் சொன்னார். தாம் ஆடின 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்ததாகவும், ஆனால் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் 54 சதவீதம்தான் தமக்குக் கிடைத்தது என்றும் சொன்னார். நூறு பந்தில் நாற்பத்தாறு பந்தைத் தோற்கிறவன்தான் உலக மகா வீரன்! இரண்டில் ஒன்று தோற்றே தீர வேண்டிய தொழிலில் தோற்ற பந்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "இதைத்தானலே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றிருப்பார்.

ஐந்தாவது ஸெட் 6-2. காக்கின் மனம் நாலாவது ஸெட்டின் 5-2-லேயே நின்றுவிட்டது என்று பெரியப்பா வியாக்கியானம் செய்வார். ஜெயிக்க இருந்தவனுக்குத்தான் மறப்பது அதிகக் கஷ்டம் என்பது அவர் கட்சி.

1966 டிசம்பர் 26-ல் மெல்போர்னில் இறுதிச் சுற்று ஆரம்பமாயிற்று. எதிரில் எமர்ஸன், ஸ்டோலி, நியூகோம்ப், ரோச். நாலு பேருமே உலகப் புகழ் பெற்றவர்கள். இந்தியா 1-4 என்று தோற்றது. அந்த ஒன்று, நியூகோம்ப்-ரோச் ஜோடியைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் வென்றது. அதுவும் முதல் ஸெட்டை இழந்தபின். டேவிஸ் கோப்பையில் மொத்தம் 69 வெற்றி, 28 தோல்வி என்பது கிருஷ்ணனின் வாழ்நாள் கணக்கு. இதில் ஒரு காசுகூட டாலராக வந்திருக்காது.

வேடிக்கை அதற்கப்புறம்தான். 1968-ல் விம்பிள்டன் தன் வாசலைத் திறந்துவிட்டது. தொழில்காரனும் அமெச்சூரும் சேர்ந்து ஆடலாம். வெளிப்படையாகவே பரிசுப் பணம். முதல் திறந்த விம்பிள்டனை ஜெயித்த லேவருக்கு 2,000 பவுன். அதே வருஷம் எமர்ஸனும் தொழிலுக்குப் போய்விட்டார். சித்தப்பாவுக்கு இது சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி ஆயிற்று. "பாத்தீங்களா அண்ணாச்சி, கடைசியில எல்லாரும் வாங்கத்தான் வாங்குதான். இவரு முந்தியே வாங்கியிருந்தா என்ன குடிமுழுகிப் போச்சு?" பெரியப்பா அதற்குப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எனக்குமே அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. காசு வாங்குவது பாவம் என்ற வெள்ளைக்காரக் கனவான்களின் சட்டம், பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு மட்டும் சௌகரியமான சட்டம். அதைக் காப்பாற்றுவதற்காகக் கிருஷ்ணன் ஏழு லட்சத்தை விட்டார் என்றால் சித்தப்பா சொல்வதுதான் நியாயம். ஆனால் இந்தியா என்ற பெயர் எழுதின பலகைக்குக் கீழே ஆடும் பாத்தியதையை விடமாட்டேன் என்பதற்காக விட்டார் என்றால் கணக்கு வேறாகிறது. 1959-ல் இரண்டும் ஒரே கையெழுத்தில் கட்டுண்டு கிடந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வழி இருக்கவில்லை.

1974-ல் மறுபடி இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் காலம். எதிரி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசாங்கத்தின் கோஷ்டியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் திண்ணையில் கருத்து வேற்றுமை இல்லை. சரியான காரியம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சித்தப்பா, "ஆனா ஜெயிச்சிருப்போம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் தலையெடுத்தபோது காசு கேவலம் என்ற காலம் போய்விட்டது. 1979-ல் பிரெஞ்சு சிறுவர் பட்டம், விம்பிள்டன் சிறுவர் பட்டம் இரண்டும் அவருக்கு. தகப்பனார் 25 வருஷத்துக்கு முன் தூக்கிய அதே கோப்பை. தகப்பனார் மறுத்த தொழிலை மகன் செய்தார். உலக வரிசையில் 23-வது இடம் வரை உயர்ந்தார். ஆட்டம் மட்டும் பரம்பரை ஆட்டம். ஸர்வீஸில் வேகம் கிடையாது. எதிரியின் வேகத்தையே கடனாக வாங்கி அவனுக்கே திருப்பிக் கொடுக்கிற வித்தை. 1987-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தீர்மான ஆட்டத்தில் வாலி மஸூரை வென்று இந்தியாவை மறுபடி இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்வீடனிடம் 0-5. ஆனால் 1989 ஜனவரியில், உலகத்தின் முதல் ஆட்டக்காரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை, அவர் முந்தின வருஷம் ஜெயித்த அதே ஆஸ்திரேலியப் போட்டியில், மூன்று நேர் ஸெட்டுகளில் வீழ்த்தினார்.

அந்தச் செய்தி வந்த அன்று நான் திண்ணையில் இருந்தேன். "தொழிலா ஆடுனாலும் அப்பன் மாதிரியேதான் ஆடுதான்" என்றார் பெரியப்பா. "அப்பன் மாதிரி ஆடுனாலும் காசு வாங்கிக்கிட்டுதான் ஆடுதான்" என்றார் சித்தப்பா. இரண்டு பேருக்கும் அன்று ஜெயித்த முகம்.

பெரிய கிருஷ்ணன் பிற்காலத்தில் சென்னையில் சமையல் எரிவாயு விநியோகம் செய்யும் ஏஜென்ஸி நடத்தினார் என்று நான் படித்துச் சொன்னபோது சித்தப்பா நெடுநேரம் பேசாமலிருந்தார். "வியாபாரம் தெரிஞ்சவருதான்" என்று கடைசியில் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

பெரியப்பா 2012-ல் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியம்மா டிரங்குப் பெட்டியை என்னிடம் தள்ளி, "உனக்குத்தான் காயிதம் எல்லாம் வேணும்" என்றாள். பழைய வருகைப் பதிவேடு ஒன்று, சம்பளச் சீட்டுகள், பூப்பந்துக் கோஷ்டியின் போட்டோ, அதன் அடியில் அந்தத் துண்டு. என் கையில் அது வந்தது அன்றுதான் முதல் தடவை.

எண்கள் இருந்தன. மடிப்பில் 10-12 மட்டும் கொஞ்சம் அழிந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்து விளம்பரத்தின் ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்தில் ஒரு பெருக்கல் கணக்கு. 1,50,000, அதன் கீழே 4.76, விடை 7,14,000. பக்கத்தில் இன்னொன்று: 7.50, விடை 11,25,000. அதற்கும் கீழே வேறு வேறு மையில், வேறு வேறு காலத்தில் போட்ட கணக்குகள். கடைசிக் கணக்கில் டாலர் 42 ரூபாய். விடை 63,00,000. அதற்கு அடியில் வாத்தியார் பழக்கப்படி இரண்டு கோடு இழுத்திருந்தார்.

சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு கணக்கையும் உதட்டை அசைத்துக்கொண்டே சரிபார்த்தார். வெகுநேரம் ஆயிற்று.

"பெருக்கல் சரியாத்தான் இருக்கு" என்றார்.